ஓநாய்வாய் வளைவு

உங்கள் காப்பி கொஞ்சம் தண்ணீராக இருக்கிறது, சார்ஜெண்ட் தம்பி, தப்பாக நினைக்காதீர்கள். ரிவ்நெவ்வில் எல்லோரும் இப்படித்தான் குடிக்கிறீர்கள் போலிருக்கிறது. எங்கள் பெல்ரோஷில் லோரெத்தின் கடையில் காப்பிக் கெட்டில் காலையில் அடுப்பில் ஏறினால் சாயங்காலம்தான் இறங்கும். ஒரு வாய் குடித்தால் காது வரைக்கும் சூடு ஏறும். பரவாயில்லை, எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை. திரும்பிப் போகிற படகு சாயங்காலம்தான்.

என் பெயர் அடேலார் வெய்யோ. வயது எழுபதை நெருங்குகிறது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் பெல்ரோஷில் பிறந்தவன், அங்கேயே இருப்பவன். ஊர்ச் சபைக்கு நான்தான் சாலை ஆள். கோடையில் சரளை கொட்டுவேன், இலையுதிர் காலத்தில் வாய்க்கால் தூர் எடுப்பேன், குளிர்காலத்தில் பனிப்பாலம் போடுவேன். மற்ற வேலையை எவனும் செய்வான். பனிப்பாலத்தை நான்தான் போட முடியும்.

நீங்கள் நகரத்திலிருந்து மாற்றலாகி வந்தவர் என்று வாசலில் இருந்த பெண் சொன்னாள், அதனால் சொல்கிறேன். பாலம் என்றால் கட்டுகிற பாலம் இல்லை. ஆறு உறைந்ததும் முதலில் அதன் மேல் கால் வைப்பவன் நான். இடுப்பில் கயிறு, கையில் கோடாலி. தட்டிப் பார்த்து, துளை போட்டுப் பார்த்து, எங்கே கெட்டியாக இருக்கிறதோ அந்த வழியாகவே அக்கரை வரைக்கும் போவேன். பிறகு காட்டில் ஆள் உயரத்துக்கு ஸ்ப்ரூஸ் மரக் கன்றுகள் வெட்டி வந்து, வழியின் இரண்டு பக்கமும் துளை போட்டு நடுவேன். துளையில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றினால் போதும், கொஞ்ச நேரத்தில் கன்று வேர் பிடித்த மாதிரி நிற்கும். அதன் பிறகு மார்ச் மாதம் வரைக்கும் குதிரை, கார், லாரி எல்லாம் அந்தக் கன்றுகளுக்கு நடுவில்தான் போகும்.

காற்று கிளம்பிப் பனிப்புழுதி பறந்தால் வண்டியின் முன்மூக்குகூடக் கண்ணுக்குத் தெரியாது. அப்போது எங்கள் ஆட்கள் ஆற்றைப் பார்ப்பதில்லை. ஒரு கன்று தெரியும், அதை அடைந்ததும் அடுத்தது தெரியும். அப்படியே போய்ச் சேர்ந்துவிடுவார்கள். குடித்துவிட்டு வருகிறவன்கூட வீடு வந்து சேருவான். எங்கள் சாமியார் ஒருமுறை பிரசங்கத்திலேயே சொன்னார்: "அடேலார் நட்ட கன்றை நம்புற அளவுக்கு நீங்க பத்துக் கட்டளையை நம்பினா, எனக்குப் பாவசங்கீர்த்தனத் தொட்டியில வேலையே இருக்காது." கோவிலே சிரித்தது. எனக்கு ஒரு வாரம் நெஞ்சு நிமிர்ந்தே இருந்தது, மறைப்பானேன்.

ஓநாய்வாய் என்பது ஓடை வந்து ஆற்றில் விழுகிற இடம். அங்கே அடியில் நீரோட்டம் நிற்பதே இல்லை. கடும் குளிரிலும் மேலே மெல்லிய ஏடுதான் படியும், அதன் மேல் பனி மூடி மற்ற இடம் போலவே தெரியும். அதனால் பாலம் அந்த இடத்தில் ஆற்றின் மேற்பக்கமாகச் சுற்றி வளைந்து போகும். பெல்ரோஷில் நடக்கப் பழகும் குழந்தைக்கும் ஓநாய்வாயைக் காட்டி மிரட்டித்தான் சாப்பாடு ஊட்டுவார்கள்.

இனி ஜில்பேர் குடும்பத்தைப் பற்றி.

ஜில்பேரின் மனைவி மாரியேல் என் ஞானப்பிள்ளை. அவளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது கையில் ஏந்தி நின்றவன் நான். அவள் அப்பனும் அம்மாவும் சீக்கிரம் போய்விட்டார்கள். கூடப் பிறந்த அக்கா ஒருத்தி கல்யாணமாகித் தெற்கே போய்விட்டாள். மாரியேல் வளர்ந்தது என் வீட்டில், என் மனைவி பெர்நாதெத்தின் கையில். என் சொந்தப் பையன்கள் இரண்டு பேர் மாண்ட்ரியலுக்குப் போனார்கள். கிறிஸ்துமஸுக்குத் தொலைபேசியில் பேசுவார்கள், பின்னால் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருக்கும். பெர்நாதெத் இறந்த பிறகு எனக்கு மாரியேலும் அவளுடைய மூன்று பிள்ளைகளும்தான். ஜினேத் பெரியவள், அடுத்தவன் ரெஜான், கடைக்குட்டி மார்த்தின். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நேரே என் வீட்டுக்கு வந்து பட்டாணி சூப் குடிப்பார்கள். மார்த்தினுக்கு ரொட்டியில் மேப்பிள் பாகு ஊற்றித் தரவேண்டும், இல்லாவிட்டால் உதடு பிதுங்கும்.

எங்கள் பள்ளியில் இந்த மூன்று பேரும் முக்கியம். பள்ளிக் கமிஷன்காரர்கள் போன வருஷமே மெல்லிய தோல் செருப்பைப் போட்டுக்கொண்டு பனியில் வந்து, பிள்ளைகளை விரல் விட்டு எண்ணிவிட்டுப் போனார்கள். இன்னும் இரண்டு பேர் குறைந்தால் பள்ளியை மூடுவோம் என்று சொன்னார்கள். பள்ளி மூடினால் என்ன ஆகும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். எங்களுக்குக் கீழே லான்ஸ்நுவார் என்று ஒரு ஊர் இருந்தது. முதலில் பள்ளி போனது, பிறகு தபால், பிறகு சாமியார் மாதத்துக்கு ஒருமுறை என்று ஆகி வராமலே போனார். அந்தக் கோவிலை நான் போய்ப் பார்த்தேன். உள்ளே வைக்கோல் அடுக்கியிருந்தார்கள், பீடம் இருந்த இடத்தில் டிராக்டர் நின்றது. என் பாட்டன் கல்யாணம் செய்துகொண்ட கோவில் அது. வாசலில் நின்று அழுதேன். அழுவதற்கு எனக்கு வெட்கமில்லை.

ஜனவரியில் ஒரு சாயங்காலம் ஜில்பேர் லோரெத்தின் கடைக்குள் வந்து கையுறையைக் கழற்றாமலே சொன்னான்.

"மில்லுல என்னைய எடுத்துக்கிட்டாங்க."

லோரெத் கல்லாவுக்குப் பின்னாலிருந்து, "எதுக்கு எடுத்தாங்க, கேட்டுல நிக்கிற நாயத் துரத்தவா?" என்றாள்.

"பேப்பர் மிஷின்ல அக்கா. ரிவ்நெவ்ல வீடும் தர்றாங்க. வீட்டுக்குள்ளயே கக்கூஸ்."

"அப்படிச் சொல்லு. ஒரு கக்கூசுக்காக ஊரை விட்டுப் போற மொத ஆளு நீதான்."

எல்லோரும் சிரித்தார்கள். ஜில்பேரும் சிரித்தான். அவன் நல்ல பையன். காட்டில் மரம் வெட்டும் வேலை நின்று இரண்டு வருஷமாக அவன் கையைப் பிசைந்துகொண்டு திரிந்ததை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். டீச்சர் மதாம் ஜெர்மேன் மட்டும் சிரிக்கவில்லை. வாங்கிய நூல்கண்டைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள்.

"அப்ப மூணு பேரையும் கூட்டிட்டுப் போயிடுவியா, ஜில்பேர்?"

"பின்ன, ஒருத்தர உங்ககிட்ட அடகு வெச்சுட்டா போக முடியும், டீச்சர்?"

இதற்கு யாரும் சிரிக்கவில்லை. அவர்கள் எல்லோரும் என் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். அப்படித்தான் எனக்கு ஞாபகம். ஊரில் ஒரு வழி அடைபட்டால் என்னைத்தானே பார்ப்பார்கள்.

நான் பேசிப் பார்த்தேன், தம்பி. பேசாமல் செய்தேன் என்று எழுதிவிடாதீர்கள். மாரியேலை உட்காரவைத்து அரை நாள் பேசினேன். என் நிலத்தை எழுதித் தருகிறேன் என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நிலத்துல என்ன விளையுது ஞானப்பா, கல்லுதான விளையுது. அவருக்கு ராத்திரி தூக்கமே இல்ல. நீங்களும் எங்களோட வந்துடுங்களேன். சமையக்கட்டுக்குப் பக்கத்துல ஒரு ரூம் இருக்கு, உங்களுக்குன்னுதான் விட்டு வெச்சிருக்கேன். சூடா இருக்கும்."

"நான் வந்துட்டா கன்னு யாரு நடுவா?"

"யாராவது நடுவாங்க. நீங்க மட்டும் சாகுற வரைக்கும் ஆத்து மேல நிக்கணும்னு விதியா?"

அவள் அன்பாகத்தான் சொன்னாள். ஆனால் யாராவது நடுவார்கள் என்று சொன்னாள் பாருங்கள், அது எனக்கு வலித்தது. இன்றைக்கும் வலிக்கிறது. அந்த அறைக்கு என்ன நிறத்தில் திரைச்சீலை என்றுகூடச் சொன்னாள். நீலம்.

பிப்ரவரி முதல் சனிக்கிழமை சாமான் ஏற்றுவது என்று முடிவானது. எங்கள் பக்கத்தில் வீடு மாற்றுகிறவர்கள் குளிர்காலத்தில்தான் மாற்றுவார்கள். கோடையில் படகில் அலமாரி ஏற்றுவது பெரிய தொல்லை, பனிப்பாலம் இருந்தால் லாரி நேரே வாசலிலிருந்து வாசலுக்குப் போய்விடும். இதில் ஒன்றை நீங்கள் கவனிக்கவேண்டும். இத்தனை வருஷமாக பெல்ரோஷை விட்டுப் போன ஒவ்வொரு குடும்பமும் நான் போட்ட பாலத்தின் மேல்தான் போனது. துரான் குடும்பம், பிசோனெத் குடும்பம், என் பையன்கள், எல்லோருக்கும் நான்தான் வழி கெட்டியாக இருக்கிறதா என்று தட்டிப் பார்த்துக் கொடுத்தேன். கரையில் நின்று கையும் அசைத்தேன். ஒரு மனுஷன் எத்தனை தடவைதான் கை அசைப்பான்.

மாரியேல் வெள்ளிக்கிழமை கேட்டாள். "நாளைக்குப் பாலம் தாங்குமா ஞானப்பா? லாரில பாரம் ஜாஸ்தி."

தாங்கும் என்றேன். அது பொய் இல்லை. இந்த வருஷம் பாலம் நன்றாகவே இருந்தது.

சனிக்கிழமை காலை பால் வண்டி போய்த் திரும்பியதும் நான் குதிரையைப் பூட்டிக்கொண்டு ஆற்றுக்குப் போனேன். பட்டப்பகலில்தான் போனேன், தம்பி. ஒளிந்து மறைந்து செய்யவில்லை. லோரெத் கடையிலிருந்து கரை வரைக்கும் இறங்கி வந்து ஒரு பிளாஸ்கைக் கொடுத்தாள். "குடிச்சுட்டுப் போங்க. குளிர்ல வெறைச்சுப் போயிட்டீங்கன்னா அப்புறம் எங்களுக்கு யாரு வழி காட்டுவா?" என்றாள். என் வண்டியில் கோடாலியும் வாளியும் இருந்ததைப் பார்த்தாள். சாய்ந்த கன்றுகளை நிமிர்த்தப் போகிறேன் என்று நினைத்திருப்பாள். குளிர்காலம் முழுக்க நான் செய்வது அதுதானே.

ஓநாய்வாய்க்குச் சற்று முன்னால் பாலம் வலதுபுறமாக மேலே வளைகிறது. அந்த வளைவில் இருந்த கன்றுகளைப் பிடுங்கி, இடதுபுறம் வளைகிற மாதிரி நட்டேன். வாளித் தண்ணீர் ஊற்றி நிற்க வைத்தேன். அவ்வளவுதான் வேலை.

என் எண்ணத்தைச் சொல்கிறேன். ஓநாய்வாயின் ஓரத்தில் ஒரு மணல்திட்டு இருக்கிறது, அங்கே தண்ணீர் நெஞ்சு ஆழம்கூட இருக்காது. லாரியின் பின்சக்கரம் உள்ளே இறங்கும், சாமான்கள் நனையும், எல்லோரும் நனைந்த கோழியாக என் வீட்டுக்கு வருவார்கள். லாரியை வெளியே எடுக்க வசந்தம் வந்துவிடும். மில்லில் அதுவரைக்கும் ஒரு இடத்தைக் காலியாக வைத்திருக்கமாட்டார்கள். ஜில்பேர் கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வான், பிறகு சரியாகிவிடுவான். இப்படித்தான் நினைத்தேன். இதில் யாருக்கும் கெடுதல் இல்லை.

ஆனால் மணல்திட்டோடு நிறுத்தவில்லை என்பதையும் சொல்லவேண்டும். அங்கே நிறுத்தினால் வளைவு வெட்டென்று திரும்பியிருக்கும். நான் எப்போதும் வளைவை இழுத்து, மெதுவாகத்தான் போடுவேன், ஜில்பேருக்கு அது தெரியும். வெட்டென்று திரும்பினால் அவன் இறங்கிப் பார்த்திருப்பான். அதனால் இன்னும் சில கன்றுகள் உள்ளே தள்ளி நட்டேன். நின்று பார்த்தபோது அழகான வளைவாகத்தான் இருந்தது.

திரும்பி வந்தபோது காற்று கிளம்பிவிட்டது. நான் எதிர்பார்த்ததுதான், முந்தின நாளே முழங்கால் வலித்தது.

லாரி நிறைந்திருந்தது. அலமாரி, கட்டில்கள், தையல் மிஷின், மேலே தலைகீழாக மேஜை. ஜில்பேர் கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தான். மாரியேல் லாரியில்தான் போவதாக இருந்தது. நான்தான் வேண்டாம் என்றேன். வீட்டைப் பெருக்காமல் விட்டுப்போவது நல்லதில்லை, நீ இருந்து பெருக்கு, பிள்ளைகளும் உன்னோடு இருக்கட்டும், சாயங்காலம் காற்று அடங்கினதும் என் குதிரை வண்டியில் எல்லோரையும் கொண்டுபோய் விடுகிறேன் என்று சொன்னேன். மாரியேல் சரி என்றாள். அவள் எப்போதும் என் பேச்சைத் தட்டமாட்டாள். பிள்ளைகள்தான் கேட்கவில்லை.

"லாரிலதான் போவோம். குதிரை நாத்தம் அடிக்கும்," என்றான் ரெஜான்.

"உன் காலுறையை விடவா?" என்றாள் ஜினேத். மார்த்தின் அதற்குள் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டான்.

ஜில்பேர் என்னைப் பார்த்துத் தோளைக் குலுக்கினான். "விடுங்க மாமா. அங்க போனதும் மொதல்ல கக்கூசப் பாக்கணுமாம். மூணு நாளா இதே பேச்சு."

மூன்று பேரும் அப்பனோடு நெருக்கி உட்கார்ந்தார்கள். கதவு திறந்துதான் இருந்தது. நான் பக்கத்தில்தான் நின்றேன். அப்போது நான் ஏதாவது சொல்லியிருக்கலாம். தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொள்ளச் சொன்னேன். ஜில்பேர் ஹாரன் அடித்தான். நான் கை அசைத்தேன்.

மாரியேல் உள்ளே பெருக்கிக்கொண்டிருந்தாள். நான் குதிரையை ஓட்டிக்கொண்டு கரைக்குப் போனேன். லாரியின் பின்விளக்கு கொஞ்ச தூரம் தெரிந்தது, பிறகு பனிப்புழுதி மூடிக்கொண்டது. பிறகு ஒரு சத்தம். பெரிய சத்தம் இல்லை. கோவில் கதவை யாரோ கொஞ்சம் பலமாகச் சாத்துகிற மாதிரி.

வண்டியில் கயிறு இருந்தது. நான் உடனே புறப்பட்டேன். தாமதிக்கவில்லை. வளைவு வரைக்கும் போனதும் ஜில்பேரின் குரல் கேட்டது, என்னைத்தான் கூப்பிட்டான். அவன் ஏதோ ஒன்றைப் பிடித்துக்கொண்டிருந்தான் என்று நினைக்கிறேன், குரல் ஒரே இடத்திலிருந்து வந்தது. ஒரு குழந்தையின் குரலும் கேட்டது. ஜினேத்தாக இருக்கலாம். உறுதியாகச் சொல்லமாட்டேன், தெரியாததைச் சொல்லக்கூடாது.

இதைத்தான் நீங்கள் கவனமாக எழுதவேண்டும். ஊரிலிருந்து ஆட்கள் ஓடி வருவார்கள் என்று எனக்குத் தெரியும். காற்றில் அவர்களுக்கு ஒன்றும் தெரியாது, கன்றுகளைப் பார்த்துத்தான் வருவார்கள். கன்றுகள் தப்பான பக்கம் இருந்தால் அவர்களும் உள்ளே போவார்கள். லோரெத்தின் மகன் வருவான், சாமியார் வருவார், மாரியேலே வருவாள். சாலை ஆள் நான். என் கடமை எதுவோ அதை முதலில் செய்தேன். கன்றுகளைப் பிடுங்கி, பழைய துளைகளைத் தேடி, எல்லாவற்றையும் இருந்த இடத்திலேயே நட்டேன். தண்ணீருக்கு எங்கும் போகவேண்டியிருக்கவில்லை, பக்கத்திலேயே பனிக்கட்டி மேல் ஏறி வந்துகொண்டிருந்தது. கடைசிக் கன்று நிமிர்ந்து நின்றபோது குரல் எதுவும் கேட்கவில்லை. பிறகுதான் ஊருக்குப் போய்க் கோவில் மணியை அடித்தேன்.

அதன் பிறகு நடந்தது உங்கள் கோப்பில் இருக்கும். உங்களுக்கு முன்னால் இங்கே இருந்தவர் வந்தார், கன்றுகளைப் பார்த்தார், பாலம் சரியாகத்தான் இருக்கிறது, ஓட்டியவன் பனிப்புழுதியில் வழி தவறிவிட்டான் என்று முடிவு செய்தார். ஊரிலும் அதையே பேசினார்கள். ஜில்பேருக்கு அவசரம், கக்கூஸ் ஆசை, அடேலாரின் கன்றைப் பார்த்து ஓட்டத் தெரியாதவன் ரிவ்நெவ்வில் என்ன கிழிக்கப்போகிறான் என்றார்கள். நான் எதுவும் சொல்லவில்லை. செத்தவனைப் பற்றிப் பேசுவது எனக்குப் பிடிக்காது.

நான்கு பேரையும் எடுத்துவிட்டார்கள். மண் உறைந்திருந்ததால் புதைக்க முடியாது. எங்கள் பக்கம் குளிர்காலத்தில் இறந்தவர்களைக் கோவிலுக்குப் பின்னால் இருக்கிற கல் அறையில் பெட்டியோடு வைத்துப் பூட்டுவோம், மண் இளகின பிறகு புதைப்போம். மாரியேல் என் வீட்டுக்கே வந்துவிட்டாள். அவளுக்குப் போக வேறு வீடு இல்லை, அவள் பெருக்கிய வீட்டில் ஒரு நாற்காலிகூட இல்லையே. காலையில் எழுந்து அந்தக் கல் அறையின் வாசலுக்குப் போய் உட்காருவாள். கதவைத் திறக்கச் சொன்னதில்லை. சும்மா உட்கார்ந்திருப்பாள். அவளுக்காகத் தினமும் விடிவதற்குள் பனியை வாரிப் பாதை போட்டு வைப்பேன், உட்கார ஒரு பலகையும் அதன் மேல் ஆட்டுத்தோலும் போட்டேன். மத்தியானம் போய்க் கூட்டி வருவேன். சூப்பை நான்தான் ஊட்டவேண்டும். சின்னப் பெண்ணாக இருந்தபோது பெர்நாதெத் அவளுக்கு ஊட்டுவது ஞாபகம் வரும்.

உண்மையைச் சொன்னால், வீட்டில் மறுபடியும் ஒரு ஆள் மூச்சு விடுகிற சத்தம் கேட்டது எனக்கு ஆறுதலாக இருந்தது.

பள்ளியைப் பற்றி நீங்கள் கேட்பீர்கள். மூடுகிறார்கள். பிள்ளைகள் குறைந்தது குறைந்ததுதானாம், எப்படிக் குறைந்தது என்பது கணக்கில் வராதாம். மெல்லிய செருப்புக்காரர்கள் அனுதாபத்தோடுதான் சொன்னார்கள். மதாம் ஜெர்மேன் கரும்பலகையைத் துடைத்துவிட்டுச் சாவியைச் சபையில் கொடுத்துவிட்டாள். அதோடு இன்னொரு பேச்சும் கிளம்பியது. பனிப்பாலம் ஆபத்தானது, இனி பெல்ரோஷுக்குப் பாலம் போடக் கூடாது என்று அரசாங்கத்தில் பேசுகிறார்களாம். பாலம் இல்லாவிட்டால் குளிர்காலம் முழுக்க நாங்கள் அடைபட்டுக் கிடப்போம். நாலைந்து குடும்பங்கள் இப்போதே சாமான் கட்டுகின்றன. லோரெத் கடையை விற்க ஆள் தேடுகிறாள், எவன் வாங்குவான்.

போன வாரம் மண் இளகியது, புதைத்தோம். மாரியேலின் அக்கா தெற்கிலிருந்து வந்திருந்தாள். முன்பு ஊரை விட்டுப் போனவர்கள் எல்லாம் படகேறி வந்தார்கள், என் பையன்கள்கூட வந்தார்கள். கோவிலில் நிற்க இடமில்லை. அத்தனை பேரும் சேர்ந்து பாடியபோது ஜன்னல் அதிர்ந்தது. இந்த ஊர் இப்படித்தான் இருந்தது என்று எனக்குத் தோன்றியது, எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. சாயங்காலப் படகில் எல்லோரும் போய்விட்டார்கள், மாரியேலின் அக்கா மட்டும் தங்கினாள்.

அன்று சாப்பிடும்போது மாரியேல் பேசினாள். மூன்று மாதத்துக்கு மேல் பேசாதவள்.

"நான் அக்காகூடப் போறேன், ஞானப்பா."

"எதுக்கும்மா? உனக்கு இங்க என்ன குறை?"

"இந்த ஊரு என் பிள்ளைங்களத் தின்னுடுச்சு. ஜன்னலத் தெறந்தா அந்த ஆறு. அது என் கண்ணு முன்னாடி ஓடிட்டே இருந்தா நான் எப்படி உசுரோட இருப்பேன்? போக விடுங்க."

"ஆறு என்னம்மா பண்ணும்?"

"எல்லாம் அந்த ஆறுதான். அந்தப் பாலந்தான். நீங்க தப்பா நெனைக்காதீங்க, உங்களச் சொல்லல. நீங்க இல்லன்னா நானும் அன்னிக்கே போயிருப்பேன்." என் கையை எடுத்து முத்தமிட்டாள். "உங்கள விட்டுப் போறதுதான் கஷ்டமா இருக்கு."

அவள் அக்கா பெட்டியைத் திறந்து வைத்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமைப் படகில் போவதாகப் பேச்சு. இன்று வியாழன்.

அன்றிலிருந்து யோசித்துக்கொண்டே இருந்தேன். யோசிக்க யோசிக்க எனக்கு ஒன்று தெளிவாகியது. அவள் கோபத்தில் நியாயம் இல்லை. ஊர் அவளுக்கு என்ன செய்தது? அவளைப் பெற்றது, வளர்த்தது, இத்தனை நாள் வீட்டு வாசலில் ரொட்டியும் சூப்பும் கொண்டுவந்து வைத்தது. ஆறு எப்போதும் போலத்தான் உறைந்தது. நான் தட்டிப் பார்த்த பனிக்கட்டி ஒரு வண்டியையும் கைவிட்டதில்லை. ஜில்பேரும் தவறு செய்யவில்லை, கன்றுகளைப் பார்த்து ஒழுங்காகத்தான் ஓட்டினான். செய்யாத தப்புக்கு ஒரு ஊரையே வெறுத்து அவள் போவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. அதனால்தான் காலைப் படகில் வந்தேன்.

கன்றுகளை இடம் மாற்றி நட்டவன் நான். அவர்கள் நான்கு பேரும் உள்ளே இருக்கும்போது கயிற்றை வண்டியிலேயே விட்டுவிட்டுக் கன்று நட்டவனும் நான். இதை நீங்கள் எந்த வார்த்தையில் வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் ஒரு உதவி செய்யவேண்டும், தம்பி. ஞாயிற்றுக்கிழமைக்குள் நீங்களே ஒரு நடை பெல்ரோஷுக்குப் போய் மாரியேலிடம் நேரில் சொல்லுங்கள். நான் சொன்னால் கிழவன் உளறுகிறான் என்று நினைப்பாள், போலீஸ் சட்டை போட்ட நீங்கள் சொன்னால் நம்புவாள். ஆற்றின் மேல் தப்பு இல்லை, ஊரின் மேல் தப்பு இல்லை, எல்லாம் நான் செய்தது என்று பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள். அவள் புத்தியுள்ள பெண், புரிந்துகொள்வாள். அதன் பிறகு அவள் எங்கள் ஊரை விட்டுப் போவதற்குக் காரணமே இருக்காது.